அரசு வீடு: பேஸ்மட்டத்தோடு நிற்கும் வீடுகளுக்குப் பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது?

செங்காந்தள்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஊராட்சியில கலைஞர் கனவு இல்லம், பிரதமர் ஊரக வீடு ரெண்டுலயும் வேலை உத்தரவு வாங்கினவங்க இருக்காங்க. பாதி வீடு பேஸ்மட்டத்தோட (தரை மட்டம் வரைக்கும் எழுப்புற அடித்தளம்) நிக்குது, சிலது லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட் பட்டை) வரைக்கும் வந்து நிக்குது. வீட்டுக்காரங்களக் கேட்டா "கவர்மெண்ட் பணம் போடல"ன்றாங்க. ஒன்றிய ஆபீஸ்ல "வேலைய முடிக்கட்டும், பில் போடுறோம்"ன்றாங்க. ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான்னு தோணுது. பணம் எங்கிருந்து எந்த வழியா வருது, எந்த இடத்துல மாட்டுது, 3.50 லட்சத்துல வீடு முடியுமா? கணக்கோட சொல்லுங்க. இதை வச்சு வீடு வீடாப் போய்ப் பேசணும்.

வரவுசெலவு:
முதலில் பணத்தின் கணக்கு. இரண்டு திட்டத்துக்கும் வேறு வேறு என்பதால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

பிரதமர் ஊரக வீடு 2016-இல் தொடங்கியது. சமவெளிப் பகுதிக்கு ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம். இதில் ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். அதாவது 72,000 அங்கிருந்து, 48,000 இங்கிருந்து. இந்தத் தொகையில் கான்கிரீட் தளம் போட முடியாது என்பதால் தமிழ்நாடு அரசு தளத்துக்கென்று தனியாக 1.20 லட்சம் சேர்க்கிறது. ஆக 2.40 லட்சம். இதில் மாநிலத்தின் பங்கு 1.68 லட்சம், பத்தில் ஏழு பங்கு. பெயர்ப்பலகையை வைத்து யார் பணம் என்று முடிவு செய்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கலைஞர் கனவு இல்லம் முழுக்க மாநிலத் திட்டம். 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் வந்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடு, முதல் ஆண்டில் 1 லட்சம் வீட்டுக்கு 3,500 கோடி. வீட்டுக்கு 3.50 லட்சம் என்று சொல்வது அங்கிருந்துதான். ஆனால் அந்த 3.50 லட்சமும் ஒரே குழாயில் வருவதில்லை. நூறு நாள் வேலைக் கூலியும் கழிப்பறைப் பணம் 12,000-மும் அதற்குள்ளேயே அடக்கம். இவை வெவ்வேறு கணக்குத் தலைப்பு, வெவ்வேறு நாளில் வரும். கூலியை 2025-26-க்கான 336 ரூபாய் வீதம் 90 நாளுக்குப் போட்டால் 30,240. கழிப்பறையும் சேர்ந்தால் 42,000-ஐத் தாண்டும். இவ்வளவும் கட்டுமானப் பில்லில் வராது. இதை முதலிலேயே சொல்லாவிட்டால், கடைசியில் நாற்பதாயிரத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்ற பேச்சு கிளம்பும்.

சிமெண்டும் கம்பியும் துறை மூலம் வழங்கினால் அதன் விலையும் தவணையில் கழியும். கையில் வரும் ரொக்கம் எவ்வளவு என்பதை ஒன்றிய அலுவலகத்தில் எழுதி வாங்கிய பிறகு கொத்தனாரிடம் பேச்சுவார்த்தைக்குப் போகட்டும்.

மட்டக்கோல்:
பேஸ்மட்டத்துல நிக்கிறதுக்குக் காரணம் பேஸ்மட்டமேதான். தவணை நாலு கட்டமா வரும்: பேஸ்மட்டம், லிண்டல், தளம், முடிவு. ஒவ்வொண்ணும் வேலை முடிஞ்சு போட்டோ எடுத்து அளவு பதிஞ்ச பிறகுதான். அப்படின்னா முதல் கட்டம் முழுக்க வீட்டுக்காரர் கைக்காசு. அந்தக் கைக்காசுல என்ன கட்டுறாங்கன்னு பாருங்க.

திட்டத்துல கேக்குறது 360 சதுர அடி. அதுல 300 கான்கிரீட் தளம், மீதி 60 தீப்பிடிக்காத வேற கூரையா இருக்கலாம். 20-க்கு 15 வெளி அளவு வச்சுக்குவோம். சுத்துச்சுவர் 70 அடி. உள்ள நிரப்ப வேண்டிய பரப்பு 250 சதுர அடி. பேஸ்மட்டம் 2 அடி தூக்கினா 500 கன அடி, அதாவது 5 யூனிட். தண்ணி விட்டு இடிச்சா அமுங்கும், அதனால கால் பங்கு சேர்த்து 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல கிராவல் வேணும். இதையே ரோடு உசரத்துக்குன்னு நாலரை அடி தூக்கினா 14 யூனிட். கூடுதலா ரெண்டரை அடிச் சுவர், 175 சதுர அடி, ஒன்பது இஞ்ச் கட்டுக்கே 1,850 கல். மேல் சுவர் முழுசுக்கும், கதவு ஜன்னல் கழிச்சு, 6,500 கல்தான் ஆகும். அதுல கால் பங்குக்கு மேல மண்ணுக்குள்ள போயிடுச்சு. அந்த உசரத்துக்கு ஒன்பது இஞ்ச் சுவரும் தாங்காது, பதிமூணரை கட்டணும். அப்போ கல் இன்னும் ஏறும்.

அரசாங்கம் நாலரை அடி பேஸ்மட்டத்துக்கும் ரெண்டு அடி பேஸ்மட்டத்துக்கும் ஒரே தவணைதான் தரும்.

ரெண்டாவது தப்பு, பரப்பு. "எப்படியும் கட்டுறோம், பெருசாக் கட்டிடுவோம்"னு 550, 600 சதுர அடிக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிடுறாங்க. பில் தொகை மாறாது. லிண்டல் வரும்போது காசு தீர்ந்துடும். நீங்க சொன்ன லிண்டல் கேஸ் பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும். டேப் பிடிச்சு அளந்து பாருங்க.

பாலாற்றங்கரை:
மட்டக்கோல் அண்ணா சொன்னதுல ஒரு இடம் மட்டும் ஒத்துக்க முடியல. தாழ்வான தெருவுல 2 அடின்னு வச்சா ஐப்பசி மழைக்குத் தண்ணி உள்ள வந்துடும். வருஷா வருஷம் சிமெண்ட் ரோடு மேல ரோடு போட்டுத் தெருவே உசந்துகிட்டு இருக்கு. குடிசையில இருந்தப்ப அனுபவிச்சதுக்காகத்தான் சனங்க தூக்குறாங்க, பெருமைக்காக இல்ல.

மட்டக்கோல்:
சரியான பேச்சு தம்பி, நான் அதை விட்டுட்டேன். அளவு எங்கிருந்து எடுக்கணும்ங்கறதுதான் கேள்வி. மனையோட தரையில இருந்து இல்ல. அந்தத் தெருவுல மழைத்தண்ணி நின்ன தடம் பக்கத்து வீட்டுச் சுவர்ல தெரியும், அதுல இருந்து ஒன்றரை அடி போதும். வாட்டர் டியூப் வச்சுத் தடத்தை மனைக்கு மாத்திக் குறிச்சுக்கலாம். அப்படிக் குறிச்சும் மூணு அடிக்கு மேல வந்தா, வீட்டுப் பரப்பைத் திட்ட அளவுக்கு மேல ஒரு அடி கூட ஏத்தாதீங்க. ரெண்டையும் சேர்த்துச் செய்ய அந்தப் பணத்துல இடம் இல்ல.

மனை ரொம்பப் பள்ளமா இருந்தா மண் நிரப்புற வேலையை ஊராட்சி மூலம் செய்ய முடியுமான்னு வேலை உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே கேக்கணும். கட்ட ஆரம்பிச்ச பிறகு அது உங்க பேஸ்மட்டம் ஆயிடும்.

நிரப்புறப்ப ஒரே மூச்சுல கொட்டாம முக்கால் அடிக்கு ஒரு தடவை தண்ணி விட்டு இடிக்கணும். மொத்தமாக் கொட்டின வீட்டுல தரை ஒரு வருஷத்துல நடுவுல இறங்கும், சுவரோரம் கோடு விடும்.

கரிசல் மண்ணுன்னா இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கரிசல் கோடையில வெடிக்கும், மழையில உப்பும். வானத்தை ஆழமா எடுத்து அடியில மணல் அல்லது கிராவல் மெத்தை போட்டு, பேஸ்மட்ட மட்டத்துல சுத்தி ஒரு கான்கிரீட் பெல்ட் ஓட்டணும். ஓவர்சியர் வானம் பார்க்க வரும்போதே இதைக் கேட்டுடுங்க.

பட்டாசிட்டா:
பணம் வருவதற்கு முன்பே மாட்டுகிற இடம் ஒன்று உண்டு: மனை. இந்தத் திட்டங்கள் சொந்த மனை உள்ளவர்களுக்கு. குடிசை இருக்கிறது, முப்பது வருடமாக வரி ரசீது இருக்கிறது என்பதெல்லாம் உரிமைக்குச் சான்று ஆகாது.

நான்கு வகையாகப் பிரித்துப் பாருங்கள். கிராம நத்தத்தில் இருப்பவருக்குத் தோராயப் பட்டாவா தூய பட்டாவா என்று பார்க்க வேண்டும். தோராயம் என்றால் எல்லையில் திருத்தம் வரக்கூடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு போட்டாலே வேலை நின்றுவிடும். இரண்டாவது, இறந்துபோன அப்பா பேரில் பட்டா. வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்ற வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் பட்டியலில் பெயர் வந்த அன்றே மனுக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். மூன்றாவது, கூட்டுப் பட்டா. மற்ற பங்காளிகளின் சம்மதத்தை எழுதி வாங்குவது வழக்கம், ஆனால் உட்பிரிவு செய்துகொள்வதே நல்லது. சுவர் எழும்பும்போது மனசு மாறுகிற பங்காளிகள் எல்லா ஊரிலும் உண்டு. நான்காவது, புறம்போக்கு. ஆட்சேபணை இல்லாத புறம்போக்கு என்றால் வரன்முறை செய்து பட்டா வாங்க வழி இருக்கிறது. நீர்நிலை, பாதை என்றால் கிடைக்காது. அவர்களுக்கு வேறு இடத்தில் மனைப்பட்டா கேட்டு மனுக் கொடுப்பதுதான் வழி. "பார்த்துக்கலாம், கட்டு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வானம் தோண்டுவதற்கு முன் புலப்படத்தை வைத்து நான்கு மூலைக்கும் கல் நட்டுக்கொள்ளுங்கள். அரை அடி தெருப்பக்கம் போனாலும் பின்னால் இடிக்கச் சொல்லும் உரிமை ஊராட்சிக்கு உண்டு.

செங்காந்தள்:
ரொம்ப நன்றி. ரெண்டு பேருக்கு பேஸ்மட்டம் முடிஞ்சு, போட்டோ எடுத்து, பில்லும் போட்டாச்சு. "அனுப்பியாச்சு"ன்னு ஆபீஸ்ல சொல்றாங்க, பாஸ்புக்குல வரவு இல்ல. இது எப்படி?

பாஸ்புக்:
இதுக்குப் பெரும்பாலும் நாலே காரணம்தான்.

முதல் காரணம் ஆதார் இணைப்பு. ஆதார் வழியாப் போகுற பணம் நீங்க எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது, கடைசியா எந்த வங்கியில ஆதாரை மானியத்துக்காக இணைச்சீங்களோ அங்க போகும். மகளிர் குழுவுக்குன்னு வேற வங்கியில கணக்கு ஆரம்பிச்சப்ப கைநாட்டு வச்சிருப்பாங்க, இணைப்பு அங்க மாறியிருக்கும். பணம் அந்தக் கணக்குல பத்திரமா இருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. ஆதார் இணையதளத்துல "வங்கி இணைப்பு நிலை"ன்னு இருக்கு, போனுக்கு வர்ற எண்ணைப் போட்டா எந்த வங்கின்னு காட்டும். முதல்ல இதைப் பாருங்க.

ரெண்டாவது, சிறு கணக்கு. முழு ஆவணம் கொடுக்காம ஆரம்பிச்ச ஜன்தன் கணக்குல வருஷத்துக்கு மொத்த வரவு 1 லட்சம்தான். முதல்ல வர்ற தவணை உள்ள வரும், 1 லட்சத்தைத் தாண்டுறது திரும்பிப் போகலாம். ஆதாரும் பான் அட்டையும், பான் இல்லேன்னா அதுக்கான படிவமும் கொடுத்து முழுக் கணக்கா மாத்திடணும்.

மூணாவது, ரெண்டு வருஷமா வரவுசெலவு இல்லாம முடங்கின கணக்கு. நாலாவது, வங்கி வேற வங்கியோட சேர்ந்து கிளைக் குறியீடு மாறினது. பழைய பாஸ்புக்கு நகலைக் கொடுத்திருந்தா அங்க தட்டும்.

ஆபீஸ்ல கேக்குறப்ப "பணம் வரல"ன்னு கேக்காதீங்க. மூணு கேள்வியா உடைச்சுக் கேளுங்க: பணப் பரிமாற்ற ஆணை உருவாச்சா? ரெண்டு அதிகாரி கையெழுத்தும் விழுந்துச்சா? வங்கி திருப்பிவிட்டுச்சா, என்ன காரணம் காட்டுது? மூணாவதுக்குப் பதில் திரையிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் இயக்குபவர் ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம். இப்படிக் கேட்டா "நாளைக்கு வாங்க"ங்கற பேச்சே வராது.

பாலாற்றங்கரை:
இதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. பேர். ஆதார்ல "முனியம்மாள்", பாஸ்புக்குல "எம். முனியம்மா", பட்டாவுல "முனியம்மாள் க/பெ" இன்னார். மூணும் ஒரே ஆள்னு ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆதார்ல உள்ளபடி வங்கியை மாத்துறதுதான் சுலபம். ஆதாரை மாத்தப் போனா எல்லா அட்டையும் மாத்தணும்.

வரவுசெலவு:
போட்டோ பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாறுபவர்கள் அதிகம். ஊரக வீட்டுத் திட்டத்தில் செயலி வழியாக, இட அடையாளத்தோடு படம் எடுப்பார்கள். முதல் படம் இப்போது குடியிருக்கும் குடிசை, இரண்டாவது கட்டப்போகும் இடம். அனுமதி வந்த சந்தோஷத்தில் குடிசையைப் பிரித்துவிட்டால் முதல் படத்துக்கு எதுவும் இருக்காது. படம் ஏறியது உறுதியாகும் வரை ஒரு கீற்றைக்கூட எடுக்கக் கூடாது.

தள நிலைப் படம் கம்பி கட்டிய நிலையில் எடுத்தால் ஏற்காது, கான்கிரீட் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் வீட்டுக்காரர் படத்தில் நிற்கவேண்டி வரும். வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் ஓவர்சியர் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு நாள் தவறினால் அடுத்த சுற்று எப்போது என்பது யார் கையிலும் இல்லை. ஒரு ஓவர்சியருக்குப் பல ஊராட்சி.

செங்காந்தள்:
குடிசை மேட்டர் ரொம்ப முக்கியம், அடுத்த பட்டியல்காரங்களுக்கு உடனே சொல்லிடுறேன். 90 நாள் கூலின்னு சொன்னீங்களே, அது கொத்தனாருக்குக் கொடுக்கலாமா?

பாஸ்புக்:
முடியாது. அது நூறு நாள் அட்டையில பேர் இருக்கறவங்களோட உடல் உழைப்புக்கான கூலி. வீட்டுக்காரங்க குடும்பம் தன் வீட்டு வேலைக்கே வேலை பார்த்ததா வருகைப் பதிவேடு போட்டு, அவங்க கணக்குக்கு நேரா வரும். வானம் தோண்டுறது, மண் நிரப்புறது, தண்ணி ஊத்துறது எல்லாம் இதுல அடங்கும். 90 நாளும் ஒரே தடவையா வராது, கட்டத்துக்குக் கட்டம் பிரிச்சுப் பதிவாகும். அந்தந்தக் கட்டத்துல பதிவேடு திறக்கலேன்னா அந்த நாள் போனது போனதுதான், வீடு முடிஞ்சப்புறம் பின்தேதி போட முடியாது. வேலை உத்தரவு வாங்குற அன்னைக்கே ஊராட்சிச் செயலர்கிட்ட "எங்க வீட்டுக்கு வேலைக் குறியீடு உருவாச்சா"ன்னு கேக்கணும். அட்டையே இல்லாத குடும்பம்னா முதல்ல அதுக்கு மனு.

மட்டக்கோல்:
தளத்துக்கு வருவோம். பணம் அதிகமாப் போறதும் இங்கதான், தப்பு நடந்தா சரி பண்ண முடியாததும் இங்கதான்.

20-க்கு 15-ல நடுவுல ஒரு குறுக்குச் சுவர் விட்டு ரெண்டு அறையாப் பிரிச்சா தளம் ஒவ்வொரு பக்கமும் ஒன்பதரை அடிதான் தாண்டும். அதுக்கு நாலரை இஞ்ச் கனம் போதும். 300 சதுர அடிக்கு 112 கன அடி கான்கிரீட். ஒண்ணுக்கு ஒன்றரைக்கு மூணு கலவையில 26 மூட்டை சிமெண்ட், அரை யூனிட் எம்-சாண்ட், ஒரு யூனிட்டை ஒட்டி முக்கால் இஞ்ச் ஜல்லி. கம்பி 8 எம்.எம்., குறுக்குச் சுவருக்குச் செங்குத்தாப் போறது ஆறு இஞ்சுக்கு ஒண்ணு, மத்தது எட்டு இஞ்சுக்கு ஒண்ணு. நடுச்சுவர் மேல தளத்தோட மேல்பக்கம் கூடுதல் கம்பி கட்டாயம், இல்லேன்னா அந்தச் சுவர் நேரா மேல வெடிப்பு ஓடும், முதல் மழையிலேயே ஒழுகும். எல்லாம் சேர்த்து 180-ல இருந்து 200 கிலோ. லிண்டல் பெல்ட் சுத்தி ஓட்ட 10 எம்.எம். நாலு கம்பியும் வளையமும் சேர்த்து 80 கிலோ. முந்நூறு கிலோவுக்குள்ள வீடு முடியணும். ஐநூறு கிலோ கேட்டா பரப்பு பெருசாகியிருக்கு, இல்ல தேவையில்லாம தூண் எழுப்பியிருக்கு. சுவர் தாங்குற வீட்டுக்கு மூலைத் தூண் வேண்டியதில்ல. "பின்னாடி மாடி எடுக்கலாம்"னு கொத்தனார் சொல்லித் தூண் போட்டதாலயே தளம் காணாத வீடுகள் இருக்கு.

எங்க தப்பு நடக்குதுன்னா, கவர் பிளாக் (கம்பியைப் பலகையில ஒட்டாம தூக்கி நிறுத்துற சின்னத் துண்டு) வைக்கிறதில்ல. கம்பி பலகையில படுத்துக்கிடக்கும், மேல கான்கிரீட்டைக் கொட்டுவாங்க. பிரிச்ச பிறகு அடியில கம்பி வரி வரியாத் தெரியும், அதுக்குப் பூச்சு பூசி மறைப்பாங்க. அஞ்சாறு வருஷத்துல கம்பி துருப்பிடிச்சு ஊதி, பூச்சு தலையில விழும். பழைய தொகுப்பு வீடுகள்ல அண்ணாந்து பார்த்தா இதுதான். கவர் பிளாக் கடையில கிடைக்கும், வாங்க முடியலேன்னா சிமெண்ட்-மணல் கலவையை முக்கால் இஞ்ச் கனத்துக்குப் பரப்பி, ஒன்றரை இஞ்ச் சதுரமா வெட்டி, நடுவுல கட்டுக்கம்பி சொருகி ஒரு வாரம் தண்ணியில போட்டு வைங்க. மூணு அடிக்கு ஒண்ணு வச்சா வீட்டுக்கே நாப்பது கூட ஆகாது. இந்த நாப்பது துண்டுக்காக வீடு கெடக் கூடாது.

அடுத்தது தண்ணி. கலக்குறப்ப வழுவழுன்னு ஓடணும்னு தண்ணி ஊத்துவாங்க, வலு அதோடயே போயிடும். போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணி தேக்கணும். இப்போ கிடைக்கிற பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்டுக்குப் பத்து நாள் குறைஞ்சபட்சம், பதினாலு நாள் நல்லது. சென்ட்ரிங் வாடகை ஏறுதுன்னு நாலாம் நாளே தளத்துக்குக் கொடுத்த முட்டுக்கட்டையைப் பிரிக்கிறது தப்பு. இந்த அகலத்துக்கு ஏழு நாள் குறைஞ்சபட்சம்னு விதி, பிபிசிக்குப் பத்து நாள் விட்டா மனசு நிம்மதியா இருக்கும்.

துறை மூலம் வர்ற டெப்போ சிமெண்ட் மொத்தமா வந்து இறங்கினா மண் தரையில அடுக்காதீங்க. பலகை போட்டு, சுவர்ல இருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல உசராம அடுக்கித் தார்ப்பாய் மூடணும். பேஸ்மட்டத்துல நின்ன வீட்டுல மூணு மாசம் கிடந்த சிமெண்டைத் தளத்துக்குப் போடாதீங்க. கட்டி தட்டலேன்னாலும் வலு இறங்கியிருக்கும். அதைப் பூச்சுக்கும் தரைக்கும் வச்சுக்குங்க. வீடு முழுசுக்கும் நூறு மூட்டையை ஒட்டித்தான் ஆகும், அதனால எதுக்கு எந்த மூட்டைன்னு பிரிச்சு வைக்கிறது கஷ்டம் இல்ல.

நகராட்சி:
இதைப் பேரூராட்சி, நகராட்சிக்காரர்களும் படிப்பார்கள், அவர்களுக்குச் சில வரிகள். மேலே சொன்ன இரண்டும் ஊரகத் திட்டங்கள், நகர்ப்புறத்துக்குப் பொருந்தாது.

நகர்ப்புறத்தில் பிரதமர் வீட்டுத் திட்டம் 2015 ஜூனில் தொடங்கியது. சொந்த மனையில் தானே கட்டுபவருக்கு ஒன்றிய அரசு 1.50 லட்சம், தமிழ்நாடு 60,000, மொத்தம் 2.10 லட்சம். இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. இதில் மாநிலம் குறைந்தது 1 லட்சம் போட வேண்டும் என்பது விதி, ஆக 2.50 லட்சம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள். வீடு 30 முதல் 45 சதுர மீட்டர், அதாவது 323 முதல் 484 சதுர அடி. நாட்டில் எங்கும் கெட்டி வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டில் எந்த அரசு வீட்டுத் திட்டத்திலும் பயன்பெற்றிருக்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அப்பா பெயரில் தொகுப்பு வீடு இருந்தாலும் திருமணமான மகன் தனிக் குடும்பமாகவே பார்க்கப்படுவார். இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

தாமதத்துக்கு இங்கே வேறொரு காரணம். ஒன்றிய அரசின் பணம் வீடு வீடாக வராது. நூற்றுக்கணக்கான வீடுகளைச் சேர்த்து ஒரே திட்ட அறிக்கையாக அனுப்புவார்கள். முதல் கட்டத் திட்டத்தில் அந்த அறிக்கைக்கு 40, 40, 20 சதவீதமாகப் பணம் வந்தது. முன்பு வந்ததில் 70 சதவீதம் செலவான கணக்கைக் காட்டினால்தான் அடுத்த 40. உங்கள் வீடு தளம் போட்டு நிற்கும்போது, அதே பட்டியலில் பாதிப் பேர் வானமே தோண்டாமல் இருந்தால் உங்கள் பணமும் சேர்ந்து நிற்கும். கட்டப்போவதில்லை என்று முடிவு செய்தவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்வது மற்றவர்களுக்குச் செய்கிற பெரிய உதவி.

வரைபட அனுமதிக்கு இடைத்தரகரிடம் போகத் தேவையில்லை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது.

பாலாற்றங்கரை:
மனையே இல்லாதவங்களுக்கு?

நகராட்சி:
நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிதான். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய அதே வாரியம். அங்கே பயனாளியும் ஒரு பங்குத் தொகை கட்ட வேண்டும், ஒதுக்கீட்டு ஆணையில் எவ்வளவு என்று இருக்கும். கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி விலையைப் பற்றியது அல்ல, தூரத்தைப் பற்றியது. பிழைப்பு நடக்கிற இடத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு விடிகாலைப் பேருந்து கிடைக்குமா, பிள்ளைக்குப் பள்ளி மாறுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சென்னையின் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் நகரத்திலிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்கள் இழந்தது வருமானத்தை. அந்த இழப்பு எந்த அலகுத் தொகைக் கணக்கிலும் வருவதில்லை.

செங்காந்தள்:
கடைசியா அந்தக் கேள்விதான் பாக்கி. 3.50 லட்சத்துல முடியுமா?

வரவுசெலவு:
360 சதுர அடிக்கு 3.50 லட்சம் என்றால் சதுர அடிக்கு 972 ரூபாய். ஒப்பந்தக்காரர் பொருளும் கூலியுமாகக் கேட்பது ஏறத்தாழ இதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் மொத்தமாக ஒப்பந்தத்துக்கு விட்டால் முடியாது. பொருளைத் தானே வாங்கி, கொத்தனாருக்குக் கூலி மட்டும் பேசி, சித்தாள் வேலையைக் குடும்பமே செய்தால் எளிய தரை, உள்பூச்சு, இரண்டு கதவு என்ற அளவில் பக்கத்தில் வரலாம். பிரதமர் வீட்டின் 2.40 லட்சத்தில் அதுவும் கடினம். ஒன்றிய அரசின் 1.20 லட்சம் என்ற அளவு 2016-இல் வைத்தது, 2029 வரை நீட்டித்தபோதும் அதையே வைத்தார்கள். கம்பி, சிமெண்ட், கூலி எல்லாம் ஏறியிருக்கும்போது தொகை மட்டும் அப்படியே நிற்பது அநியாயம். கிராமசபையில் தீர்மானமாகப் போட வேண்டிய விஷயம் இது.

மட்டக்கோல்:
கையில காசு எப்போ தேவைங்கறதையும் சொல்லணும். பேஸ்மட்டத்துக்கும் தளத்துக்கும் ரெண்டு இடத்துல கைக்காசு வேணும். லிண்டல் வரைக்கும் பேஸ்மட்டத்துக்கு வந்த தவணையை வச்சே ஏறிடலாம். தளத்துக்குக் கம்பி, சிமெண்ட், சென்ட்ரிங், கான்கிரீட் போடுற ஆள் கூலி எல்லாம் ஒரே வாரத்துல வரும். மகளிர் குழுக் கடன் வாங்குறதா இருந்தா அந்த வாரத்துக்கு வச்சுக்குங்க. கந்து வட்டிக்கு வாங்கி பேஸ்மட்டத்தை உசத்தினவங்களுக்குத் தளம் வரும்போது அடுத்த கடன் யாரும் தரமாட்டாங்க.

இப்போ பேஸ்மட்டத்துல நிக்கிற வீடுகளுக்கு ஒரு வழி: இன்னும் சுவர் ஏத்தலேன்னா பரப்பைக் குறைக்கலாம். 550-க்குப் பேஸ்மட்டம் போட்டிருந்தாலும் சுவரை 300-க்கு மட்டும் எழுப்பித் தளம் போட்டுடலாம். மிச்சம் திண்ணையாக் கிடக்கட்டும், பின்னாடி பார்த்துக்கலாம். ஆனா புதுச் சுவர் வர்ற இடத்துல அடியில அஸ்திவாரம் இருக்கணும், நிரப்பின மண் மேல ஒன்பது இஞ்ச் சுவர் ஏத்தக் கூடாது. ஏத்துறதுக்கு முன்னாடி உதவிப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டி, அளவுப் புத்தகத்துல அந்த அளவையே பதியச் சொல்லுங்க.

செங்காந்தள்:
இது போதும்ணா. அப்படி நிக்கிற வீடுகள்ல உள்சுவருக்கு அஸ்திவாரம் எங்கெங்க ஓடுதுன்னு நாளைக்கே டேப்போட போய்ப் பார்த்து, அளவை இங்க போடுறேன். எதுல 300 பிரிக்கலாம்னு நீங்க சொல்லுங்க.

மட்டக்கோல்:
போடுங்க. அஸ்திவாரம் எத்தனை அகலம், கல்லா கான்கிரீட்டா, பேஸ்மட்டம் எத்தனை அடி உசரம், மண் எப்போ நிரப்பினது, இந்த நாலும் வேணும். வாசல் எந்தப் பக்கம்னும் எழுதுங்க, கழிப்பறைக் குழிக்கு இடம் விடணும். மூணு அடி விட்டத்துல ரெண்டு குழி, நடுவுல மூணு அடி இடைவெளி, கிணத்துல இருந்து முப்பத்துமூணு அடி தள்ளி. சுவர் பிரிக்கிறப்பவே அதையும் குறிச்சுடலாம்.